பற்றாசு அலையும் மின்சுற்றுப் பலகையும்

தோழியரே, பழுதான வானொலிப் பெட்டியின் முதுகைத் திறந்து பார்த்ததுண்டா? (மின்செருகியைக் கழற்றிய பிறகுதான்!) உள்ளே ஒரு பலகை இருக்கும். அதன் மேற்புறம் மின்தடைகளும் மின்தேக்கிகளும் தெருவில் வீடுகள் போல வரிசையாக நிற்கும். பலகையைத் திருப்பினால், அவற்றின் கால்கள் துளைகள் வழியே வெளிவந்து, மின்னும் சிறு பொட்டுகளால் செம்புத் தடங்களோடு பிணைந்திருப்பதைக் காணலாம். அந்தப் பொட்டுதான் பற்றாசு. பழுது பார்க்கும் கடைகளில் ‘சால்டர்’ என்பார்கள். நூற்றுக்கணக்கான பொட்டுகளில் ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டாலும் பெட்டி பேசாது. அல்லது ஆறு மாதம் பேசிவிட்டு ஒரு நாள் வாயை மூடிக்கொள்ளும். வானொலி நின்றால் பாட்டு மட்டுமே நிற்கும். ஆனால் மருத்துவமனையில் மூச்சுவிட உதவும் கருவிக்குள்ளும் இத்தகைய பலகைதான் இருக்கிறது.

இத்தனை பொட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கையால் வைத்து முடியுமா? 1956-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஃப்ரைஸ் மெட்டல்ஸ் நிறுவனத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். தொட்டியில் உருகிய பற்றாசை ஒரு பம்பு மேலே தள்ளுகிறது. அது ஓயாத அலையாக எழுந்து வழிகிறது. பாகங்கள் செருகிய பலகை, சற்றே சாய்ந்த ஓடுபாதையில் வந்து, அடிப்புறம் மட்டும் அலையைத் தொடுமாறு கடந்து செல்கிறது. தொடும் நேரம் இரண்டு முதல் நான்கு வினாடிகளே! அதற்கு முன் பலகைக்கு ஃப்ளக்ஸ் என்ற திரவத்தைத் தெளித்துச் சூடேற்றுவார்கள். பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்கும்போது வெங்காரம் இடுகிறாரே, அதே வேலைதான் இதற்கும். உலோகத்தின் மேல் படிந்த ஆக்ஸைடை நீக்கிப் பற்றாசு ஒட்ட வழி செய்கிறது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்காள் இத்தகைய தொழிற்சாலை ஒன்றில், அலையைத் தாண்டி வரும் பலகைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் திருத்தும் வேலை செய்கிறார். ஒரு பலகையில் தினமும் ஒரே மூலையில் ஒரே பழுது வருமாம். தொட்டியின் சூட்டை மாற்றினார்கள், ஃப்ளக்ஸை மாற்றினார்கள், இயந்திரத்தில் நிற்கும் ஆளையும் மாற்றினார்கள். அந்த மூலை மட்டும் மாறவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். பழுதுகளில் பல, பலகை அலையைத் தொடுமுன்பே, அதை வரைந்த தாளிலேயே பிறந்துவிடுகின்றன என்று அறிந்தோம்.

அந்த மூலையில் வந்த பழுதின் பெயர் ‘பாலம்’. அடுத்தடுத்த இரு கால்களைப் பற்றாசு தேவையில்லாமல் இணைத்துவிடுவதே அது. பலகை அலையை விட்டு விலகும்போது, மிகுதியான பற்றாசைப் பரப்பு இழுவிசை தொட்டிக்கே திரும்ப இழுக்கிறது. பல கால்கள் கொண்ட ஐ.சி. ஒன்றின் கால்வரிசை, பலகை செல்லும் திசைக்குக் குறுக்கே இருந்தால் எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் அலையை விடுகின்றன. இடையில் உள்ள பற்றாசு போக இடமின்றி அங்கேயே தங்குகிறது. வரிசை, செல்லும் திசையிலேயே நீளவாட்டில் இருந்தாலோ, ஒவ்வொரு காலும் தன் மிகுதியைப் பின்னால் வரும் காலிடம் தள்ளிவிடுகிறது. அப்படியானால் கடைசிக் கால் யாரிடம் தள்ளும்? அதற்காகவே அதன் பின்னே எந்தப் பாகமும் இல்லாத வெறும் செம்புத் திட்டு ஒன்றை வரைகிறார்கள். மிகுதியை அது வாங்கிக்கொள்ளும். பொறியாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பற்றாசுத் திருடன்’! நல்லது செய்யும் திருடனை இங்கேதான் கண்டோம்.

ஆனால் எல்லாப் பாகங்களையும் நீளவாட்டில் வைத்துவிட முடியாது. பலகையின் அடிப்புறத்தில் பசை வைத்து ஒட்டும், கால்களே இல்லாத மிகச் சிறிய மின்தடைகளைக் குறுக்கேதான் வைக்க வேண்டும். அப்போதுதான் அதன் இரு முனைகளும் ஒன்றாக அலையைத் தொடும். நீளவாட்டில் வைத்தால் முன்முனை அலையைத் தொட, பின்முனை அதன் உடலின் ‘நிழலில்’ மறைந்து பற்றாசு பெறாமல் போகலாம். உயரமான பாகம் முன்னேயும் குட்டையானது பின்னேயும் நெருங்கி நின்றாலும் இதே கதிதான். சில இயந்திரங்களில் நிழலுக்குள் புகக் கொந்தளிக்கும் அலை ஒன்றும், பாலங்களைத் துடைக்க அமைதியான அலை ஒன்றுமாக இரண்டு அலைகள் உண்டு. ஆகவே பலகை எந்தத் திசையில் செல்லும் என்பதை முதலிலேயே முடிவு செய்து, ஓர் அம்புக்குறியைப் பலகையிலேயே அச்சிட்டுவிடுவது நல்லது.

துளையின் அளவும் முக்கியம். 0.6 மி.மீ. காலுக்குச் சுமார் 0.9 மி.மீ. துளை பொருந்தும். இறுக்கமானால் பற்றாசு மேலேற இடமில்லை; அகலமானால் நிற்காது.

இனி எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. பலகையில் அகன்ற செம்புப் பரப்பு ஒன்று இருக்கும். செம்பு நல்ல வெப்பக் கடத்தி அல்லவா? காலைச் சுற்றிய திட்டை நேராக அதனோடு இணைத்தால், அலை தரும் சூட்டை அப்பரப்பு உறிஞ்சிக்கொள்ளும். துளையின் பாதி உயரத்திலேயே பற்றாசு உறைந்துவிடும். அதனால் திட்டைச் சுற்றிச் செம்பை நீக்கி, நான்கு மெல்லிய ஆரங்களால் மட்டும் இணைக்கிறார்கள். பார்ப்பதற்கு வண்டிச் சக்கரம் போலவே இருக்கும். மின்சாரம் செல்ல அது போதும். சூடு எளிதில் ஓடாது. அறிவியல் ஆசிரியை கொண்டுவந்த பழைய பலகையை உருப்பெருக்கியில் பார்த்தோம். சக்கரம் உள்ள இடங்களில் பற்றாசு மறுபுறம் வரை நிரம்பியிருந்தது. சக்கரம் இல்லாத ஒரே இடத்தில் துளை பாதி காலியாக இருந்தது!

இன்று இது முன்னிலும் அவசியம். வெள்ளீயம் 63, காரீயம் 37 விழுக்காடு கலந்த பழைய பற்றாசு 183 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தியது. அதற்கு மாற்றாக வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை உருகச் சுமார் 217 டிகிரி வேண்டும். அலையின் சூட்டையோ அந்த அளவுக்கு உயர்த்த முடியாது. பலகையும் பாகங்களும் தாங்கா. ஆகவே புதிய பற்றாசு உறைவதற்குள் துளையில் ஏறி முடிக்க, பழையதைவிடக் குறைந்த அவகாசமே கிடைக்கிறது.

தோழியின் அக்காள் சொன்ன பலகையை அண்மையில் திருத்தி வரைந்தார்களாம். ஐ.சி.யைக் கால் வட்டம் திருப்பி, அதன் பின்னே ஒரு திருடனையும் வைத்தார்கள். இப்போது அந்த மூலைக்கு அவர் சால்டரிங் அயனை எடுப்பது அபூர்வம்.