பெயர்ப்பட்டை அணிந்த தாத்தா பாட்டி

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டை குத்திய வயதான அமெரிக்கத் தம்பதியைப் பார்த்தேன். மார்மன் மிஷனரிகளாம். ஊர் ஊராகக் காரில் போகிறார்கள். இந்த வயதில் என்ன வேலை, என்ன சம்பளம்?
– ஒரு வாசகி, திருச்சி

சம்பளமா? அவர்கள் கைக்காசைப் போட்டு வந்தவர்கள், அம்மா! மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் பையன்கள் 18 வயதிலேயே ஊழியத்துக்குக் கிளம்பிவிடலாம். இரண்டு வருடம், எப்போதும் ஜோடியாக. சமையலும் துணி துவைப்பதும் வீட்டில் பழகியிராத வயசு. அவர்களுக்குத் துணையாகத்தான் இந்த மூத்த தம்பதிகள், ஆறு மாதம் முதல் 23 மாதம் வரை. பையன்கள் தங்கும் வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள்; குளியலறை சுத்தமா என்று பரிசோதிப்பார்கள்; காய்ச்சல் என்றால் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். ஊழிய அலுவலகக் கணக்கும் பார்ப்பார்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போன் பேச இளைஞர்களுக்கு அனுமதி கிடைத்ததே 2019-ல்தான். ஆகவே பக்கத்தில் ஒரு பாட்டி இருப்பது பெரிய ஆறுதல். வீடு வீடாகக் கதவு தட்டும் கட்டாயம் பெரியவர்களுக்குக் கிடையாது. அடுத்த முறை பார்த்தால் தைரியமாகப் பேச்சுக் கொடுங்கள். உங்களைப் போலவே பேரப்பிள்ளைகள் போட்டோவில்தான் ஆரம்பிப்பார்கள்!