தூக்கம் வரலையா தங்கச்சி?

போன சித்திரையில் என் தங்கை பிள்ளைகளோடு லீவுக்கு வந்திருந்தாள். மூன்றாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால், ஹாலில் சோபா மேல் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் போன். மணி இரண்டே கால்.

"தூக்கமே வரலைக்கா. ஆறு மாசமா இப்படித்தான். ஆபீஸ்ல ஒருத்தி மாத்திரை பேர் சொன்னா. வாங்கிப் போட்டுக்கலாமான்னு பார்க்கறேன்" என்றாள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. யாரோ சொன்னார்கள் என்று தூக்க மாத்திரை போடவே கூடாது. "ஒரு மாசம் நான் சொல்றதைச் செய். அப்புறமும் வரலைன்னா நானே உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே உனக்கும் சொல்கிறேன்.

முதலில் காபிக் கணக்கு கேட்டேன். காலையில் எழுந்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, ஆபீஸில் நாலரைக்கு ஒன்று, வீட்டுக்கு வந்து ஏழு மணிக்கு ஒரு டீ. விழித்திருக்கும் நேரமெல்லாம் நம் மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. சாயங்காலத்துக்கு மேல் கண்ணைச் சொக்க வைப்பது அதுதான். காபி, டீயில் இருக்கும் கஃபீன், அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் ஏறக்குறைய பாதி கஃபீன் உடம்பில் மிச்சம் இருக்கும். அப்படியென்றால் நாலரை மணிக் காபியில் பாதி, ஒன்பதரை மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதனால் மதியம் இரண்டு மணிக்கு மேல் காபியும் வேண்டாம், டீயும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். முதல் வாரம் முக்கால் டம்ளர், அடுத்த வாரம் அரை டம்ளர் என்று குறை. கை சும்மா இருக்கவில்லை என்றால், காபித்தூள் போடாமல் சுக்கு, மல்லி, பனைவெல்லம் தட்டிப் போட்டுக் குடி.

அடுத்து, எழுகிற நேரம். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடு. ஞாயிற்றுக்கிழமையும்தான். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். கண்ணில் வெயில் பட்டால் இப்போது பகல் என்று உடம்பு குறித்துக்கொள்ளும். தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் ராத்திரி சரியான நேரத்துக்குச் சுரக்கும். டியூப் லைட் வெளிச்சம் இதற்குப் போதாது. மேகமூட்டமான நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். வாசல் தெளித்துக் கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, மாடியில் துணி உலர்த்துவது, இதில் எதையாவது காலை ஆறரை, ஏழு மணிக்குச் செய்தால் இருபது நிமிஷ வெளிச்சம் கிடைத்துவிடும்.

பகல் தூக்கம் தப்பில்லை. மூன்று மணிக்குள் இருபது நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து டிவி முன்னால் ஒரு குட்டித் தூக்கம் போடுகிறாயே, அதுதான் ராத்திரித் தூக்கத்தை எடுத்துச் சாப்பிடுகிறது.

இனி நம் ஊர்ப் பிரச்சினை, புழுக்கம். தூங்குவதற்கு உடம்பின் உட்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பன்னிரண்டு மணி வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் உடம்பு எப்படி ஆறும்? தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லாத ஊர் என்றால் சூரியன் சாய்ந்ததும் மொட்டை மாடியில் நாலு குடம் ஊற்று. மேற்கு ஜன்னலைப் பகலில் திரை போட்டு மூடிவை. பொழுது சாய்ந்ததும் எல்லா ஜன்னலையும் திற, கொசுவலை கட்டிக்கொள். ஸ்பாஞ்ச் மெத்தை முதுகோடு ஒட்டி வேகும். கோடையில் கோரைப்பாய் மேல் ஒரு பருத்திச் சேலையை மடித்து விரித்துப் படுத்துப் பார்.

புழுக்கத்துக்குப் பச்சைத் தண்ணீரில் குளிப்பதுதானே நல்லது என்று தங்கை கேட்டாள். வெதுவெதுப்பான தண்ணீர்தான் நல்லது. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, பத்து நிமிஷம். சூடு பட்டதும் கை கால் தோலுக்கு ரத்தம் அதிகமாக ஓடும். அந்த வழியாக உள்ளே இருக்கும் சூடு வெளியேறும். குளித்து வந்த கொஞ்ச நேரத்தில் உடம்பு முன்னைவிடக் குளிர்ந்திருக்கும். தலையோடு குளிக்க முடியாத நாளில் பாதம் மட்டும் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அரை பக்கெட் வெந்நீர் விளாவி, அவளைப் பின்கட்டுப் படியில் உட்கார வைத்துக் காலை உள்ளே விடச் சொன்னேன். நாள் முழுக்க செருப்பு வார் அழுத்திய தடம் இரண்டு பாதத்திலும் சிவப்பாக இருந்தது. பத்து நிமிஷத்தில் பாதம் முழுக்க ஒரே சீராகச் சிவந்து, அந்தத் தடம் தெரியவில்லை. துண்டால் விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு, நல்லெண்ணெய் இரண்டு சொட்டு தேய்த்துவிட்டேன். "ஆயா தேய்ச்ச மாதிரி இருக்குக்கா" என்றாள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் சூடு தெரியாமல் போகலாம். அவர்கள் காலை விடும் முன் வேறொருவர் கைவைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ராத்திரிச் சாப்பாடு படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும். பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல்தான் விழித்திருக்கும்.

பால், ஜாதிக்காய் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வெதுவெதுப்பான பால் குடி, நல்லதுதான். பாலில் மந்திரம் ஒன்றும் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் நிதானமாக உட்கார்ந்து குடிக்கும் பழக்கம்தான் உடம்புக்கு இது படுக்கிற நேரம் என்று சொல்கிறது. ஜாதிக்காயில் கவனமாக இரு. ஒரு சிட்டிகைக்கு மேல் போகாதே. ஸ்பூன் கணக்கில் சாப்பிட்டால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம் வரை கொண்டுபோய் விடும். கைக்குழந்தை தூங்க வேண்டும் என்று ஜாதிக்காயை இழைத்துக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமுக்கரா சூரணமும் அப்படித்தான். தூக்கம் தரும் மூலிகை என்றே அதற்குத் தாவரவியலில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கர்ப்பிணிகள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் தாங்களாக எடுக்கக் கூடாது. சித்த மருத்துவரிடம் போ, நீ போட்டுக்கொள்ளும் மற்ற மாத்திரைகளையும் அவரிடம் காட்டு.

படுக்கைக்கு வருவோம். போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் போ. அலாரத்துக்கு ஒரு சின்ன டைம்பீஸ் வாங்கிக்கொள், அதன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வை. தங்கை ராத்திரியெல்லாம் மணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னும் நாலு மணி நேரம்தான், இன்னும் மூணு மணி நேரம்தான்" என்று கணக்குப் போடப் போட மனசு பதறும், பதறினால் தூக்கம் வராது. இருபது நிமிஷம் ஆனது போலத் தோன்றி இன்னும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வெளியே வந்துவிடு. மங்கலான விளக்கில் பூண்டு உரி, துணி மடி, பழைய புத்தகம் புரட்டு. கண் சொக்கும்போது திரும்பப் போ. புரண்டு புரண்டு படுத்தால், படுக்கை என்றாலே விழிப்பு என்று மனசு பழகிவிடும். மனநல நிபுணர்கள் ஐம்பது வருஷமாகச் சொல்லிவரும் முறை இது.

படுக்கும் முன் ஐந்து நிமிஷம் எழுது. 2018-ல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். மறுநாள் செய்ய வேண்டியதை எழுதிவிட்டுப் படுத்தவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிஷம் சீக்கிரம் தூங்கினார்கள். தங்கை கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்: சின்னவனுக்கு ஷூ, கேஸ் புக்கிங், அத்தைக்கு பிரஷர் மாத்திரை, உளுந்து ஊறப்போட. பதினான்கு வரி. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னொன்று புரிந்தது.

தன் வீட்டில் அவள் படுக்கிறபோது மணி பதினொன்றரை. ஐந்துக்கு அலாரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இவளுக்குப் படுத்த உடனே தூக்கம் வந்தாலும் ஐந்தரை மணி நேரம்தான். எண்ணெய் தேய்த்தாலும் பால் குடித்தாலும் இது தீராது. பதினான்கு வரியில் ஆறு வரியை மாப்பிள்ளை எடுத்துக்கொள்ள வேண்டும். நானே போனில் பேசினேன். ராத்திரிப் பாத்திரமும் காலைப் பாலும் இப்போது அவர் பொறுப்பு. உன் வீட்டிலும் கேள் தங்கச்சி. கேட்கக் கூச்சப்படாதே.

ஒரு மாதம் கழித்து அவள் பத்தரைக்குப் படுத்து ஐந்தே முக்காலுக்கு எழ ஆரம்பித்தாள். ஒரு சில ராத்திரி இன்னமும் விழிப்பு வருகிறது, ஆனால் சோபாவில் போனோடு உட்காருவதில்லை.

இதெல்லாம் செய்தும் கேட்காத சில விஷயங்கள் உண்டு. பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, போதுமான நேரம் தூங்கியும் பகலெல்லாம் அசதி என்றால் அது மூச்சுத்தடைக் கோளாறாக இருக்கலாம். படுத்ததும் கால் குடைந்து, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைப் பரிசோதித்துப் பார். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொன்னது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது. மாதவிலக்கு நிற்கும் வயதில் ராத்திரி வியர்த்துக் கொட்டி விழிப்பு வந்தால், சகித்துக்கொண்டு கிடக்காதே, மகளிர் மருத்துவரிடம் சொல். வாரத்தில் மூன்று ராத்திரி என்று மூன்று மாதம் தூக்கம் கெட்டால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரை இல்லாமல் பேச்சு, பயிற்சி மூலம் சரிசெய்யும் சிகிச்சை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கு. ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது.

தூக்கம் கெட்டதற்கு மனசில் இருக்கும் பாரம் காரணம் என்றால் 14416-க்குக் கூப்பிடு. அரசாங்கத்தின் டெலி மானஸ் எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், ராத்திரி இரண்டே காலுக்கும் எடுப்பார்கள்.