பெரிய நிரலும் சிறிய பகுதிகளும்

வகுப்பில் 30 வரி நிரலைத் தடையின்றி எழுதும் நம்மில் பலர், திட்டப்பணி என்றதும் தடுமாறுகிறோம். நானும் தடுமாறியவன்தான்.

தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றை உருவாக்க முனைந்தேன். சொல்லைப் பெறுதல், எழுத்துகளை எண்ணுதல், எழுத்துக்கு ஒரு மதிப்பெண் வழங்குதல், திரையில் காட்டுதல் என அனைத்தையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 3 மதிப்பெண் வரவேண்டும், 5 வந்தது. பிழை எந்தப் பகுதியில் என்றே தெரியவில்லை. ஸ்கூடாய் விடுதி அறையில் இரண்டு இரவுகள் தேடினேன். ஒப்படைக்க 4 நாள்களே இருந்தன.

“எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டாதே தம்பி. ஒவ்வொண்ணா தனியா சோதிச்சுப் பாரு,” என்றார் மூத்த மாணவர் ஒருவர்.

எண்ணும் பகுதியை மட்டும் தனியே இயக்கினேன். காரணம் புரிந்தது. யூனிகோடில் ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, மெய்ப்புள்ளி என 5 குறியீடுகள். உயிர்க்குறியையும் மெய்ப்புள்ளியையும் தனி எழுத்தாக எண்ணக்கூடாது. திருத்தியபின் ‘அம்மா’, ‘கொக்கு’ ஆகியவற்றையும் சோதித்தேன். இரண்டுக்கும் 3 வந்தது. அதன் பிறகே அடுத்த பகுதியை இணைத்தேன்.

சரியான ஒவ்வொரு நிலையையும் ‘கிட்’ மென்பொருளில் பதிந்து வைத்தேன். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய அது, நிரல் கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும்.

நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள் பணியும் படிப்படியாக வளர்ந்தே, 2005இல் ‘செல்லினம்’ வழி கைப்பேசியை எட்டியது.

நான் ஒப்படைத்த விளையாட்டு திட்டமிட்டதைவிடச் சிறியதுதான். ஆனால், பிழையின்றி ஓடியது.