புகை வந்ததா, வரவில்லையா?

அன்புள்ள தம்பிக்கு,

நாமக்கல்லிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஜனவரியில் காஷ்மீரின் காசிகுண்டில் ஒரு ராத்திரி லாரியை நிறுத்தியிருக்கிறீர்கள். காலை ஆறு மணிக்கு வண்டி எழவில்லை. யாரோ சொன்னார்கள் என்று செல்ஃபை (ஸ்டார்ட்டர் மோட்டாரை) மாற்றினீர்கள், அப்போதும் எழவில்லை. பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. "புது செல்ஃப் செட் ஆக நேரம் பிடிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். செல்ஃபுக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது, தம்பி.

போகிறபோக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள்: செல்ஃப் நன்றாகத்தான் சுற்றியது, சைலன்சரில் ஒரு பொட்டுப் புகைகூட இல்லை. என் கையில் ஸ்பேனர் இல்லாமலே பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினேழில் ஒரு பங்காக நெருக்கினால் 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ளும். குளிரில் சிலிண்டரின் இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். அப்போது உள்ளே போன டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். ஆகவே செல்ஃப் அடிக்கும்போது கிளீனரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, சூடு போதவில்லை. ஹீட்டர், கம்ப்ரஷன் பக்கம் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. செல்ஃபே முக்கி முனகினால் அது வேறு கதை, பிறகு சொல்கிறேன்.

உங்களுக்கு டீசல் போகவில்லை. ஏன்? நாக்பூரில் டேங்கை நிரப்பியதாகவும், மேலே போய்க் கொஞ்சம்தான் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மார்கழியில் வீட்டுத் தேங்காய் எண்ணெய் என்ன ஆகிறது? முதலில் கலங்கும், பிறகு மணிமணியாகும், கடைசியில்தான் கட்டியாகும். டீசலில் இருக்கும் மெழுகும் அதே வழிதான். ஆனால் டேங்க் முழுக்க உறைய வேண்டியதில்லை. மணிமணியாகும்போதே ஃபில்டர் காகிதத்தை அடைத்துவிடும். இந்தியத் தர நிர்ணயப்படி டீசல் ஃபில்டரில் தடையின்றிப் போகவேண்டிய கடைசி வெப்பநிலை கோடையில் 18 டிகிரி, குளிர்காலத்தில் 6 டிகிரி. சில்லை கலான் என்று காஷ்மீரிகள் சொல்லும் அந்த நாற்பது நாளில் பள்ளத்தாக்கில் இரவு மைனஸ் ஐந்துக்குக் கீழே போவது சாதாரணம். கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிகிறதா? லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்ததும் இதனால்தான்.

அடுத்த முறை ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு நிறமில்லாத பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். பால் கலந்தமாதிரி இருந்தால் மெழுகு. பாட்டிலை மடியில் வைத்துச் சூடாக்கினால் தெளியும். தெளிந்தபின் அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் அது தண்ணீர். அதுவும் உறைந்து வழியை அடைக்கும். மேலே ஏறும் முன்பே செபரேட்டரில் தண்ணீரை வடித்துவிடுவது நல்லது. ஃபில்டர் மேல் துணி சுற்றி வெந்நீர் ஊற்றுங்கள், கை பம்பை அடித்து ஏர் எடுங்கள். காமன் ரெயில் வண்டியில் மட்டும் நாசில் பைப்பைத் தளர்த்தாதீர்கள். அதிலுள்ள டீசலின் அழுத்தம் தோலைத் துளைத்துவிடும். டேங்க் அடியில் தீ மூட்டுகிறார்களே, அதை நான் பார்த்திருக்கிறேன், வாய்விட்டுத் திட்டியும் இருக்கிறேன். மண்ணெண்ணெய் கலப்பது பழைய வண்டியோடு போகட்டும். பிஎஸ்-6 வண்டியின் புகைச் சுத்திகரிப்பு மண்ணெண்ணெயில் உள்ள கந்தகத்தைத் தாங்காது.

செல்ஃப் முனகும் கதை: கடுங்குளிரில் பேட்டரி பாதி பலம்தான் தரும், இன்ஜின் ஆயிலோ பாகாகிவிடும். நம்மூரில் ஓடும் 20டபிள்யூ-40 ஆயிலுக்குக் குளிர்ச் சோதனை மைனஸ் 15 டிகிரியில். 15டபிள்யூ-40க்கு மைனஸ் 20. செல்ஃப் அடிக்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்து 19 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதலில் டெர்மினலையும் எர்த் வயரையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் பேட்டரிக்காரரிடம் போகலாம். பிஎஸ்-6 வண்டியின் புகைச் சுத்திகரிப்புக்கு ஊற்றும் யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். அதனால் ஸ்டார்ட் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிட்டுக் கேபினில் தூங்குகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், தம்பி. புகை உள்ளே கசிந்தால் தூக்கத்திலேயே முடிந்துவிடும். பானிஹால் ஏறும் முன் ஜம்முவில் டேங்கை நிரப்புங்கள். அங்கே குளிர்கால டீசல்தானா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கழற்றிய பழைய செல்ஃப் கேபினில்தான் கிடக்கிறது என்கிறீர்கள். அதைத் தூக்கிப் போடாதீர்கள். நாமக்கல் பட்டறையில் டேபிளில் வைத்து 24 வோல்ட் கொடுத்துச் சுற்றவிட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மெக்கானிக்