மஞ்சணத்தி நுகம்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "களைத்துப்போனவர்களை வாருங்கள் என்று இயேசு கூப்பிடுகிறார், இளைப்பாறுதல் தருகிறேன் என்கிறார், அடுத்த மூச்சில் கழுத்துக்கு நுகத்தை நீட்டுகிறாரே, இது என்ன நியாயம் பெரியப்பா?" என்றாய். வார்டில் ராத்திரி டியூட்டி முடித்து, ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டாய். களைத்தவள் கேட்ட கேள்வி. அதற்கு ஒரு வசனத்தைச் சொல்லிக் கதவைச் சாத்த எனக்கு மனமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ நுகத்தைப் பூட்டிப் பார்த்ததில்லை. உனக்கு விவரம் தெரிவதற்குள் நம் வயலுக்கு டிராக்டர் வந்துவிட்டது. நுகம் என்பது ஒரு நீளக் கட்டைதான். இரண்டு மாட்டின் கழுத்திலும் குறுக்கே, திமிலுக்கு முன்னால் உட்காரும். நடுவில் ஏர்க்காலைச் சேர்த்துக் கட்டுவோம். இரண்டு பக்கமும் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தைச் சுற்றி வரும். மாடு முன்னால் நடந்தால் திமில் கட்டையைத் தள்ளும், கட்டை ஏரை இழுக்கும்.

உன் தாத்தா நுகத்துக்கு மஞ்சணத்தி மரம்தான் வேண்டும் என்பார். வேறு ஊர்களில் அதை நுணா என்பார்கள். லேசான மரம், ஆனாலும் உறுதி உண்டு. ஆசாரி செதுக்கித் தந்த நுகத்தைத் தாத்தா நேரே வயலுக்குக் கொண்டுபோக மாட்டார். தலைகீழாகத் திருப்பி, மாட்டின் கழுத்து படுகிற இடத்தை உள்ளங்கையால் தடவுவார். ஒரு சிராய் தட்டினாலும் திரும்பவும் ஆசாரியிடம் போகும். ஒரு வருஷம் விதைப்பு நெருக்கடியில், வேறு ஜோடிக்குச் செய்த நுகத்தை இரவல் வாங்கிப் பூட்டினோம். பத்து மணிக்கெல்லாம் வலத்து மாடு தலையை உதற ஆரம்பித்தது. அவிழ்த்துப் பார்த்தால் கழுத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. தாத்தா வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க அதைப் பூட்டவே இல்லை. ஈரம் காய்ந்து விதைப்பு தள்ளிப்போனது. அதே மாடு, அதே ஏர், அதே நிலம். கட்டை மட்டும்தான் வேறு.

இதை மனதில் வைத்துக்கொண்டு மத்தேயு 11ஆம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களைத் திரும்ப வாசி. மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் இந்த நுகம் இல்லை. நம் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஆண்டவருடைய நுகம் 'மெதுவாய்' இருப்பதாகச் சொல்லும். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேகம் குறைவு என்றுதான் தோன்றும். அந்தக் காலத் தமிழில் அதற்கு மென்மை என்றும் பொருள். திருவிவிலியத்தில் 'அழுத்தாது' என்று போட்டிருக்கிறார்கள். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கிரேஸ்டோஸ்'. நல்லது, இதமானது, உபயோகத்துக்கு ஏற்றது என்றெல்லாம் அதற்குப் பொருள் உண்டு. மாடு பூட்டியவன் காதில் 'அழுத்தாது' என்ற சொல் சரியாகப் போய் விழும். பாரமே இல்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை. இந்தக் கட்டை கழுத்தை அறுக்காது என்கிறார்.

நாசரேத்துத் தச்சுப் பட்டறையில் என்னென்ன செய்தார்கள் என்று சுவிசேஷங்கள் சொல்லவில்லை. ஆனால் இன்றைய நாபுலுஸ் இருக்கும் இடத்தில் பிறந்த ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி, 2ஆம் நூற்றாண்டில், இயேசு ஏர்களும் நுகங்களும் செய்தார் என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் நேரில் கண்டவர் அல்ல. இருந்தாலும் அந்தச் செய்தியை நம்பவே எனக்கு ஆசை. கட்டையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்த கை அது என்று நினைத்துக்கொள்வேன்.

நீ கோபப்பட்டதில் தப்பே இல்லை, மகளே. வேதாகமத்திலேயே நுகம் பெரும்பாலும் பயங்கரமான சொல்தான். எகிப்திலிருந்து மீட்டு வந்த ஜனங்களிடம் கர்த்தர், உங்கள் நுகத்தடிகளை முறித்து உங்களை நிமிர்ந்து நடக்க வைத்தேன் என்ற பொருளில் பேசுகிறார். லேவியராகமம் 26இல் இருக்கிறது. அடிமை என்றால் குனிந்தவன், விடுதலை என்றால் நிமிர்ந்தவன். சாலொமோன் செத்ததும் ஜனங்கள் அவன் மகன் ரெகொபெயாமிடம் வந்து, உம்முடைய தகப்பன் வைத்த நுகம் பாரமாயிருக்கிறது, கொஞ்சம் இலகுவாக்கும் என்று கெஞ்சினார்கள். முதியவர்கள் இறங்கிப் போகச் சொன்னார்கள். அவனோ கூட வளர்ந்த வாலிபர்களின் பேச்சைக் கேட்டு, நுகத்தை இன்னும் பாரமாக்குவேன் என்றான். பத்துக் கோத்திரம் அவனை விட்டுப் போயிற்று. அதன்பின் ராஜ்யம் ஒன்றுசேரவே இல்லை.

எரேமியா தன் கழுத்திலேயே நுகத்தை மாட்டிக்கொண்டு எருசலேமில் நடமாடியவர். பாபிலோன் ராஜாவுக்குக் கீழ்ப்பட்டுத்தான் ஆகவேண்டும் என்று சொல்வதற்காக. அனனியா என்ற தீர்க்கதரிசி எல்லோர் முன்னாலும் அதைப் பிடுங்கி உடைத்தான், இரண்டே வருஷத்தில் விடுதலை என்றான். கூட்டத்துக்கு அது இனித்திருக்கும். எரேமியா முதலில் பதில் பேசாமல் போய்விட்டார். பிறகு கர்த்தருடைய வார்த்தை வந்தது: மர நுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும். இளைப்பாறுதல் என்ற பெயரில் உன்னிடம் என்ன விற்றாலும் எரேமியா 28ஐ எடுத்து வாசி. நுகமே இல்லாத கழுத்து என்று ஒருவன் ஆசை காட்டினால், அவன் கையில் வேறொரு நுகம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

யூத ரபிமார் தோராவின் நுகம், பரலோக ராஜ்யத்தின் நுகம் என்று பேசினார்கள். இதைச் சில பிரசங்கியார்கள் ஏதோ சிறைச்சாலை போலச் சொல்வார்கள். அது அநியாயம். தேவன் ஒருவரே என்று தினமும் அறிக்கையிடுவதைத்தான் அவர்கள் அந்த ராஜ்யத்தின் நுகத்தை ஏற்பது என்றார்கள். அதைப் பெருமையாகச் சுமந்தார்கள். ஆகவே ஒரு போதகர் என் நுகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றால், என்னிடம் கற்றுக்கொள்ள வாருங்கள் என்று அழைப்பதாகத்தான் கலிலேயாவில் கேட்டவர்களுக்குப் பட்டிருக்கும்.

ஆண்டவர் எவற்றிலிருந்து கூப்பிட்டார் என்பது அடுத்த அதிகாரத்தில் தெரிகிறது. மத்தேயு 12இல் பசியோடு கதிர் கொய்து தின்ற சீஷரை ஓய்வுநாளை மீறினார்கள் என்று பரிசேயர் பிடித்துக்கொள்கிறார்கள். கை சூம்பிய மனுஷனை அதே ஓய்வுநாளில் சுகமாக்கலாமா என்று வழக்குப் பேசுகிறார்கள். இளைப்பாறக் கொடுத்த நாளே பாரமாகிப் போயிற்று. அவர் அந்த மனுஷனின் கையை நீட்டச் சொன்னார்.

இந்த நோய் சபைக்குள்ளும் சீக்கிரமே வந்தது. அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடினபோது, புறஜாதியாரில் விசுவாசித்தவர்களும் விருத்தசேதனம் செய்ய வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். நம் பிதாக்களும் நாமும் சுமக்க முடியாத நுகத்தை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று எழுந்து கேட்டவர் பேதுரு. இன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் வேண்டும். அடிக்கிற புருஷனிடம் திரும்பிப் போய்ப் பொறுமையாய் நுகத்தைச் சும என்று ஒரு பெண்ணுக்கு ஆலோசனை சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கிறிஸ்துவின் நுகம் அல்ல. ஏசாயா 58 என்ன சொல்கிறது? கர்த்தருக்குப் பிரியமான உபவாசம் எல்லா நுகத்தடிகளையும் உடைப்பதுதான். உடைக்க வேண்டிய நுகமும் உண்டு, ஏற்க வேண்டிய நுகமும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாய் இரு. அவிசுவாசிகளோடு 'அந்நிய நுகத்தில்' பிணையாதே என்று பவுல் எழுதியதைச் சொல்லி உன் கூட வேலை செய்கிற பிள்ளைகளோடு பழகவே கூடாது என்று யாராவது பயமுறுத்தினால், பவுலே அவிசுவாசி வீட்டு விருந்துக்குப் போய்ச் சாப்பிட இடம் கொடுத்தார் என்று 1 கொரிந்தியர் 10ஐக் காட்டு.

நுகத்தில் இரண்டு கழுத்துக்கு இடம் உண்டு, மறுபக்கம் ஆண்டவரே நடக்கிறார் என்று ஒரு பிரசங்கம் அடிக்கடி கேட்டிருப்பாய். வசனம் அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனாலும் புதுக் காளையைப் பழகின மாட்டோடு சேர்த்துப் பூட்டித்தான் தாத்தா பழக்குவார். முதல் நாள் அது இழுக்கவே இழுக்காது, கூட நடக்கும், அவ்வளவுதான். என்னிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்ற வார்த்தை பக்கத்திலேயே இருப்பதால், அந்தப் பிரசங்கத்தை நானும் தள்ளமாட்டேன்.

இனி உன் விஷயம். வார்டில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, ராத்திரி விழிப்பது, மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்புவது, இவை ஏர். ஏர் கனம்தான், அதை யாரும் எடுத்துவிட முடியாது. ஆனால் நீ போனில் அழுதது ஏருக்காக அல்ல. சித்தி மகளோடு உன்னை ஒப்பிட்டுப் பேசுகிறார்களே என்று அழுதாய். ஒரு நாள் ஜெபம் தவறினால் கர்த்தர் கணக்கு எழுதுவார் என்று பயந்தாய். மகளே, அவை சிராய். யாரோ வேறு கழுத்துக்குச் செதுக்கிய இரவல் நுகம் அது. அதை அவிழ்த்து வைத்துவிடு. எதிரியை நேசி, இரண்டு மைல் தூரம் போ என்று கேட்கிற ஆண்டவர் சுலபமானதைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சாந்தமுள்ளவர். கழுத்தில் புண் பட்ட மாட்டை அடித்து ஓட்டுகிறவர் அல்ல.

கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ ஊருக்கு வருவாய் அல்லவா? தொழுவத்துச் சுவரில் தாத்தாவின் நுகம் இன்னும் தொங்குகிறது. நான் இறக்கித் தருகிறேன். அடிப்பக்கம் திருப்பி, கழுத்து படுகிற இடத்தை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்.

அன்புடன்,
உன் பெரியப்பா