விளங்கவில்லை என்று சொல்லப் பழகுங்கள்

பரீட்சை நெருங்கும் மாதங்களில் நம்மைத் தேடி வரும் கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். "ஹஜ்ரத், படித்தது மனதில் நிற்க என்ன ஓதலாம்?" நாமும் 'தாஹா' அத்தியாயத்தின் 114ஆம் வசனத்தில் உள்ள துஆவைச் சொல்லிக் கொடுத்து அனுப்பி விடுவோம். கல்வியை அதிகப்படுத்தித் தருமாறு கேட்கும்படி அல்லாஹுத் தஆலா தன் நபிக்கே கற்றுக் கொடுத்த துஆ அது. நம் வீட்டுப் பிள்ளைகளில் அதை அறியாதவர்கள் குறைவு.

சென்ற ஆண்டு அப்படி ஒரு பிள்ளை அஸருக்குப் பின் வந்து உட்கார்ந்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவன். துஆவைச் சொன்னோம். "தெரியும் ஹஜ்ரத்" என்றான். ஆனால் எழுந்து போகவில்லை. எந்தப் பாடம் மனதில் நிற்கவில்லை என்று கேட்டோம். சற்று நேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்துக் கொண்டிருந்தவன், "நிற்பதற்கு முதலில் விளங்க வேண்டுமே ஹஜ்ரத்" என்றான். எப்போதிருந்து விளங்கவில்லை? "முதல் வாரத்திலிருந்து."

பன்னிரண்டாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து, நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை. கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் ஆங்கிலத்தில் நடந்தன. பேராசிரியர் புரிகிறதா என்று கேட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள், இவனும் அசைத்தான். அன்று அசைத்த தலையை மறுநாள் நிறுத்த முடியவில்லை. இப்படியே இரண்டாண்டு ஓடி, மாணவர்கள் 'அரியர்' என்று சொல்லும் நிலுவைத் தாள்கள் ஐந்து சேர்ந்து விட்டன. துபாயில் வேலை செய்யும் வாப்பா வெள்ளிக்கிழமை தோறும் போனில் பேசுவார். "பரீட்சை எப்படிம்மா எழுதினே?" "நல்லா எழுதியிருக்கேன் வாப்பா." வகுப்பில் வாயைத் திறக்காததால் வீட்டில் பொய் சொல்ல நேர்ந்தது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அவன் நம்மிடம் கேட்க வந்த துஆ எதற்கு என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது.

மாணவக் கண்மணிகளே! இந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து விடாதீர்கள். ஸஹாபாப் பெருமக்களுக்கும் அது இருந்தது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து கேள்வி கேட்ட ஹதீஸை மதரஸாவில் ஓதியிருப்பீர்கள். ஈமான் என்றால் என்ன, இஸ்லாம் என்றால் என்ன என்ற பதில்களை மனனம் செய்திருப்பீர்கள். அந்த நிகழ்ச்சி எப்படித் தொடங்கியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக 'ஸஹீஹ் முஸ்லிமில்' வரும் அறிவிப்பின்படி, நபி (ஸல்) அவர்கள் தம்மிடம் கேள்வி கேட்குமாறு தோழர்களை அழைத்தார்கள். அண்ணலார் மீதிருந்த மரியாதையினாலும் அச்சத்தினாலும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் அந்த மனிதர் வந்தார்.

உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் அவர் வந்த கோலம் வர்ணிக்கப்படுகிறது. தூய வெண்ணிற ஆடை, கருகருவென்ற முடி. பிரயாணத்தின் அடையாளம் எதுவும் மேனியில் இல்லை. ஊரில் ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. அவர் பின் வரிசையைத் தேடவில்லை. நேரே வந்து நபியவர்களின் முழங்காலோடு தம் முழங்கால் சேர உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். கியாமத் நாள் எப்போது என்ற கேள்விக்கு, கேட்பவரை விடக் கேட்கப்பட்டவர் அதிகம் அறிந்தவரல்லர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் தந்தார்கள். படைப்பினங்களில் மேலானவர்கள், தோழர்கள் நிறைந்த சபையில், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்றார்கள். அதனால் அந்தச் சபையில் அவர்களுடைய மதிப்பு ஓர் அணுவளவும் குறையவில்லை.

வந்தவர் போன பின்பு, அவர் ஜிப்ரீல் என்று நபியவர்கள் அறிவித்தார்கள். தோழர்கள் கேட்காமல் இருந்ததால், அவர்கள் கற்றுக் கொள்ள வேண்டுமென்று அவர் நாடி வந்தார் என்பதும் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பிலேயே இருக்கிறது. ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதற்காக வானவர் தலைவரையே அல்லாஹ் இறக்கி வைத்தான். உங்கள் வகுப்புக்கு ஜிப்ரீல் வரமாட்டார். நீங்கள்தான் கையை உயர்த்த வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு ஏறத்தாழ 13 வயது. தம் தோழரான அன்ஸாரி ஒருவரிடம், ஸஹாபாக்கள் நிறைய பேர் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டுக் கற்றுக் கொள்வோம் வா என்று அழைத்தார்கள். இத்தனை பெரியவர்கள் இருக்கும்போது மக்கள் உம்மைத் தேடியா வரப் போகிறார்கள் என்று அவர் வியந்து ஒதுங்கிக் கொண்டார். இப்னு அப்பாஸ் (ரலி) தனியாகப் போனார்கள். ஒருவரிடம் ஒரு ஹதீஸ் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குச் சென்றால், அவர் நடுப்பகலில் உறங்கிக் கொண்டிருப்பார். கதவைத் தட்டாமல், மேலாடையைச் சுருட்டித் தலைக்கு வைத்து வாசலிலேயே படுத்துக் கொள்வார்கள். காற்று மண்ணை வாரி முகத்தில் இறைக்கும். வெளியே வந்த வீட்டுக்காரர் பதறிப் போய், சொல்லியனுப்பினால் நானே வந்திருப்பேனே என்பார். கேட்க வேண்டியவன் நான், வர வேண்டியவனும் நானே என்பார்கள். நபியவர்களின் சிறிய தந்தையின் மகன் அவர்! பிற்காலத்தில் அவர்களைச் சுற்றி மக்கள் திரண்டு கேள்வி கேட்டதைப் பார்த்த அந்த அன்ஸாரி, இந்த வாலிபர் என்னை விட புத்திசாலி என்று ஒப்புக் கொண்டார்.

பிறருக்குச் சொல்லும் நாம் நம் கதையையும் சொல்லியாக வேண்டும். நாம் ஓதிய மதரஸாவில் நஹ்வுப் பாடம் முடிந்ததும் உஸ்தாத் "விளங்கிற்றா?" என்பார்கள். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "விளங்கிற்று ஹஜ்ரத்" என்போம். அந்தக் குரலில் நம் குரலும் சேர்ந்திருந்தது. ஒருநாள் கிதாபின் இபாரத்தை நம்மை வாசிக்கச் சொன்னார்கள். பேஷ் வர வேண்டிய இடத்தில் ஜபர் வைத்தோம். ஏன் ஜபர் என்று கேட்டார்கள். தலை குனிந்து நின்றோம். அடி விழும் என்று பிள்ளைகள் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். உஸ்தாத் கிதாபை நம் கையில் தந்து, எந்தப் பக்கத்திலிருந்து விளங்கவில்லை என்று காட்டச் சொன்னார்கள். பின்னோக்கிப் புரட்டிக் கொண்டே போய் ஏழாம் பக்கத்தைக் காட்டினோம். மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் அந்த ஏழாம் பக்கத்திலிருந்து தொடங்கி, ஷஅபான் விடுமுறை வரும் வரை தினமும் தேநீர் வரும் நேரம் மட்டும் நமக்காகத் தனியே சொல்லித் தந்தார்கள். மூன்றாம் நாள் நம்முடன் இன்னும் ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களும் "விளங்கிற்று" என்று சொல்லிக் கொண்டிருந்தவர்கள்தாம்.

நாணப்படுகிறவனும் பெருமையடிக்கிறவனும் கல்வியை அடைய மாட்டார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவர் முஜாஹித் (ரஹ்) அவர்களின் கருத்து. இமாம் புகாரி (ரஹ்) அதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். கல்லூரி செல்லும் பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மார்க்கத்தைக் கற்பதற்கு நாணம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அன்ஸாரிப் பெண்களைப் புகழ்ந்திருக்கிறார்கள்.

கேட்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆசிரியரை மடக்கவோ, வகுப்பில் தன்னைக் காட்டிக் கொள்ளவோ கேட்பது கல்வியில் சேராது. ஆலிம்களிடம் போட்டி போடுவதற்காகக் கற்பவனை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். எது வரை விளங்கியது, எந்த வரியில் நின்றது என்று எழுதி எடுத்துப் போங்கள். வகுப்பில் வாய் வராவிட்டால் வகுப்பு முடிந்ததும் பேராசிரியரின் அறைக்குப் போங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் கேளுங்கள். சில ஆசிரியர்கள் எரிந்து விழுவார்கள். அது நடக்கக் கூடியதே. அப்போது மேல் வகுப்பு மாணவர் ஒருவரைத் தேடுங்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒரே வாசலில் மட்டும் படுக்கவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை மார்க் என்று கேட்கும் நாம், எது விளங்கவில்லை என்று எப்போதாவது கேட்டதுண்டா? மாமி மகன் வாங்கிய மார்க்கைச் சொல்லிக் காட்டும் வீட்டில் எந்தப் பிள்ளை தோல்வியைச் சொல்ல வாய் திறப்பான்? பிள்ளை பொய் சொன்னது குற்றம்தான். உண்மை சொன்னால் நம் வீட்டில் அதற்கு என்ன வரவேற்பு இருந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆலிம்களாகிய நாமும் இதிலிருந்து தப்பியவர்களல்லர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 மஸ்அலாக்கள் கேட்கப்பட்டு, 32க்குத் தெரியாது என்று சொன்னதாக வரலாறு கூறுகிறது. நாமோ ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் படியில் நின்றபடியே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி விடுகிறோம்.

அந்தப் பிள்ளை அடுத்த வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பின் நம் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாப்பாவிடம் பேசினான். சொல்லி முடித்ததும் மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "எத்தனை பேப்பர்?" என்றார். "அஞ்சு வாப்பா." "பீஸ் எப்ப கட்டணும்?" என்று கேட்டு விட்டு, உம்மாவிடம் தானே சொல்லிக் கொள்வதாகச் சொன்னார். அந்த வாரமே அவன் தன் கணிதப் பேராசிரியரிடம் முதலாம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்துக் கொண்டு போனான். இதுவரை மூன்று தாள்கள் தேறியிருக்கிறான். மீதி இரண்டுக்கும் வருகிற நவம்பரில் பரீட்சை. வாசகர்கள் துஆச் செய்யுங்கள்.