நோயாளர் முன் நின்ற ஓவியம்

நுண்கலைகள் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, வயிறு நிறைந்தபின் நினைக்கவேண்டியவை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். பிள்ளை சித்திரப் பாடத்தில் கூடிய புள்ளி பெற்றுவந்தால், "கணக்கில் எத்தனை?" என்று கேட்கும் பெற்றாரே அதிகம். ஆனால் உலகின் தலைசிறந்த ஓவியங்களுள் ஒன்று, நோயினால் உருக்குலைந்தவர்களைப் பராமரித்த ஒரு மடத்துக்கென்றே வரையப்பட்டது என்பதை வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று.

பிரான்ஸ் நாட்டின் கிழக்கெல்லையிலுள்ள அல்சாஸ் பகுதியில் இசென்ஹைம் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே புனித அந்தோனியாரின் பெயர்கொண்ட சபையாரின் மடமொன்று இருந்தது. (கொச்சிக்கடையிலும் கச்சதீவிலும் நாம் நாடிச்செல்லும் பதுவைப் பதியர் வேறு; இவர் எகிப்து தேசத்து வனத்து அந்தோனியார்.) அக்காலத்தில் ஐரோப்பிய ஏழைகளை வாட்டிய கொடிய நோயொன்று, 'அந்தோனியாரின் நெருப்பு' என்றே அழைக்கப்பட்டது. நோயாளியின் கைகால்கள் தீயில் இட்டதுபோல் எரியும். பின்னர் கறுத்து, அழுகி, கழன்றும் விழும். சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றும். ஏழைகள் உண்ட 'றை' என்னும் தானியத்தில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணமே இதற்குக் காரணம் என்பது 17ஆம் நூற்றாண்டிலேதான் வைத்தியர்களுக்குத் தெளிவாயிற்று.

காரணம் அறியாதபோதும் அந்தச் சபையார் நல்ல பராமரிப்புக் கொடுத்தனர். தரமான பாணும் போசாக்கான உணவும் அளித்தனர், தைலம் பூசினர், மூலிகை சேர்ந்த திராட்சை இரசம் பருகக் கொடுத்தனர், அழுகிய உறுப்புக்களை வெட்டியகற்றினர். நஞ்சு கலந்த பாண் நின்று நல்ல பாண் கிடைத்ததே பலரைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆகவே ஓவியம்தான் நோயைத் தீர்த்தது என்று நாம் சொல்லவரவில்லை. அப்படியாயின் இத்தனையும் செய்தவர்கள், பெருஞ்செலவில் ஓவியமும் ஏன் வரைவித்தனர்?

1512க்கும் 1516க்கும் இடையில் மத்தியாஸ் குரூனவால்ட் என்னும் ஜேர்மானிய ஓவியர், மடத்துக் கோவிலின் பெரிய பீடத்துக்கு இதனை வரைந்தார். கதவுகள்போலத் திறந்து மூடும் பல பலகைகள் கொண்டது அது. கதவுகள் மூடியிருக்கையில் தெரிவது ஏறத்தாழ 9 அடி உயரமான சிலுவைக் காட்சி. அழகிய, அமைதியான கிறிஸ்துவை அங்கே தேடவேண்டாம். உடல் பச்சைநிறம் பாய்ந்திருக்கிறது, தோலெங்கும் முட்கள் தைத்த புண்கள், பாதங்கள் வீங்கியுள்ளன, கைவிரல்கள் வேதனையால் விறைத்து விரிந்து நிற்கின்றன. முதன்முறை அதன் படத்தைக் காண்போர் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு. ஆனால் ஊரார் முகத்தைத் திருப்பிக்கொண்டது தன்னைப் பார்த்தே என்பதை அறிந்திருந்த நோயாளி, அதில் தன் தோலையே கண்டிருப்பான். சிகிச்சையின் தொடக்கத்தில் நோயாளர் இதன்முன் கொண்டுவரப்பட்டனர் என ஆய்வாளர் கருதுவர்.

திருநாட்களில் கதவுகள் திறக்கப்படும். அப்போது தெரிவது உயிர்த்த ஆண்டவர். அதே உடல்தான், புண்கள் மறைந்து ஒளி வீசுகிறது. ஐந்து காயங்கள் மட்டும் அழியாமல் இருக்கின்றன. ஓவியர் அவற்றையும் அழித்திருந்தால் கால் இழந்தவன் அதை நம்பியிருப்பானா?

இன்னுமொரு பலகையில், வனத்து அந்தோனியாரைப் பேய்கள் அடித்துத் துன்புறுத்துகின்றன. மூலையில், வயிறு ஊதி உடலெல்லாம் கொப்புளங்களுடன் ஓர் உருவம் சரிந்து கிடக்கிறது. கீழே வரையப்பட்ட கடதாசித் துண்டொன்றில் புனிதரின் முறைப்பாடு எழுதப்பட்டிருக்கிறது: நான் துன்புற்றபோது ஆண்டவர் ஏன் வந்து குணமாக்கவில்லை என்பதே அதன் கருத்து. பீடத்திலேயே இப்படியொரு கேள்வியை எழுத இடம் கொடுத்தார்களே, அந்த மடத்தார் மனித மனத்தை அறிந்தவர்கள். "அழாதே, எல்லாம் நன்மைக்கே" என்று நோயாளியின் வாயை அவர்கள் அடைக்கவில்லை.

முதலாம் உலகப்போரின்போது, 1917இல், இந்த ஓவியம் மியூனிக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. போர் முடிந்தபின் அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டபோது மக்கள் திரள்திரளாக வந்தனர். அங்கவீனமுற்ற போர்வீரரும் அவர்களுள் இருந்தனர். 400 ஆண்டுகளின் பின்னரும் அது தன் பழைய வேலையை மறக்கவில்லை. 1919இல் திரும்பிவந்து, இன்று இசென்ஹைமுக்கு அண்மையிலுள்ள கொல்மார் நகர நூதனசாலையில் இருக்கிறது.

இது நமக்கு அந்நியமான அனுபவமன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் வியாகுலப் பிரசங்கங்களை எழுதினார். தவக்காலத்தில் அவை இராகத்தோடு வாசிக்கப்படுகையில், தேவதாயாருக்காக அழும் தாய்மார் தம் பிள்ளைகளுக்காகவும் அழுதுவிடுகிறார்கள். வீட்டில் யாருக்கும் காட்டாத கண்ணீர் அங்கே எவ்வித வெட்கமுமின்றி வருகிறது.

பிள்ளைகளின் காரியமும் இதுவே. 2004 மார்கழி 26ஆந் திகதி கடல்கோளின் பின்னர், முகாம்களில் வர்ணங்களும் தாளும் கொடுக்கப்பட்டபோது, பிள்ளைகள் பலர் அலையையே வரைந்தனர். பெரியோர் சிலருக்கு அது பொறுக்கவில்லை. பூவும் வண்ணத்துப்பூச்சியும் வரையச் சொன்னார்கள். நல்லெண்ணந்தான்; ஆயினும் பிள்ளை சொல்லவந்தது அலையைப் பற்றியே.

உங்கள் வீட்டில் ஓர் இழப்பு நேர்ந்து, பிள்ளை கறுப்பு வர்ணத்தையே திரும்பத் திரும்ப எடுத்தால், அதைப் பறித்துவிடாதீர்கள். "அழகாயில்லையே" என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருந்து, "இதில் நிற்பது யார்?" என்று மெதுவாகக் கேளுங்கள், பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம், தாளைப் பத்திரப்படுத்தி வையுங்கள். நித்திரையும் சாப்பாடும் வாரக்கணக்கில் குழம்பியிருந்தால், தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது அந்தத் தாள்களையும் கொண்டுபோங்கள்.